கிளிமஞ்சாரோவுக்கு ஒரு திட்டம்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

மலை ஏறாதவள் மலையேற்றத்தைப் பற்றி எழுதலாமா என்று தோழியர் சிலர் கேட்பது என் காதில் விழாமல் இல்லை. உண்மைதான். நான் ஏறிய மிகப் பெரிய மலை நம் திருச்சி மலைக்கோட்டை. அதன் உயரம் 83 மீட்டர். ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோவோ 5,895 மீட்டர். அதாவது, ஒன்றன் மேல் ஒன்றாக 71 மலைக்கோட்டைகளை அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு! அதில் ஏறப் போகிறவர் என் தாய்மாமா. திட்டம் போட்டவள் மட்டும் நான்.

மாமா தான்சானியா நாட்டின் தாருஸ்ஸலாம் நகரில் ஓர் அலுவலகத்தில் கணக்கராக இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு நண்பர்களுடன் கிளிமஞ்சாரோ ஏறச் சென்று, உச்சியைக் காணாமல் திரும்பி வந்தார். அன்று முதல் விடுமுறைக்கு வரும்போதெல்லாம், "அந்த வழிகாட்டி மட்டும் என்னைத் தடுக்காமல் இருந்திருந்தால்..." என்று தொடங்கிவிடுவார். சென்ற கோடையில் என் புவியியல் ஏட்டைப் புரட்டிப் பார்த்தவர், "பாப்பா, நீதான் படம் எல்லாம் நன்றாகப் போடுகிறாயே! அடுத்த முறைக்கு நீயே ஒரு திட்டம் போட்டுக் கொடு. நான் அப்படியே நடக்கிறேன்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் மலையைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். கிளிமஞ்சாரோ பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ 3 பாகையில் இருக்கிறது. எரிமலைக் குழம்பினால் ஆன மலை இது. ஷீரா, மவென்சி, கிபோ என்று இதற்கு மூன்று சிகரங்கள். கிபோவின் உச்சிக்குத்தான் 'உஹுரு' என்று பெயர். சுவாஹிலி மொழியில் அதற்கு 'விடுதலை' என்று பொருள். 1961 டிசம்பர் 9 அன்று தாங்கனீக்கா விடுதலை பெற்றபோது அந்த உச்சியில் புதிய நாட்டின் கொடியை ஏற்றித் தீப்பந்தமும் ஏற்றினார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பனி படிந்த மலை ஒன்றைக் கண்டதாக 1848இல் ரெப்மன் என்ற மறைபோதகர் எழுதியபோது, இலண்டனில் இருந்த அறிஞர்கள் சிலர் நம்ப மறுத்தார்களாம். நம் வகுப்பில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நாமும் சிரித்திருப்போம். அந்தப் பனியும் இப்போது கரைந்து வருகிறது. 1912இல் இருந்த பனிப்பரப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் மறைந்துவிட்டது.

இந்த மலை 1973இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பூங்கா என்றவுடன் ஊஞ்சலும் நீரூற்றும் நினைவுக்கு வரவேண்டாம். காடும், புல்வெளியும், கல் பாலையும், பனியும் அடங்கிய அரசுப் பாதுகாப்பு நிலம் அது. நுழைவாயிலில் பெயரைப் பதிய வேண்டும். 1991 முதல் தனியாக ஏற அனுமதி இல்லை. உரிமம் பெற்ற நிறுவனத்தின் மூலம், உரிமம் பெற்ற வழிகாட்டியுடன்தான் ஏறவேண்டும். கட்டணமோ நாள் கணக்கு. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை, ஒவ்வோர் இரவு தங்குவதற்கும் ஒரு தொகை, மீட்புப் பணிக்கென ஒரு தொகை. இந்த நாள் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தோழிகளே. மாமாவின் கதை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

சென்ற முறை மாமா தேர்ந்தெடுத்தது மராங்கு வழி. குடில்களில் படுத்து உறங்கும் வசதி உள்ள வழி அது ஒன்றுதான். மற்ற வழிகளில் கூடாரம். மராங்குவை ஐந்து நாளிலும் முடிக்கலாம், ஆறு நாளிலும் முடிக்கலாம். ஒரு நாள் குறைந்தால் செலவும் குறையும் அல்லவா? கணக்கர் ஆயிற்றே! ஐந்து நாள் பயணத்தையே எடுத்தார். விலை கேட்ட நிறுவனங்களிலும் மிகக் குறைவாகச் சொன்ன ஒன்றைத்தான் பிடித்தார்.

அந்த ஐந்து நாள் பயணத்தை என் ஏட்டில் படமாக வரைந்து பார்த்தேன். முதல் இரவு மண்டாரா குடில், சுமார் 2,700 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். ஆக, முதல் இரவிலேயே ஏறக்குறைய ஆனைமுடியின் உச்சியில் படுக்கை! இரண்டாம் இரவு ஹொரோம்போ குடில், சுமார் 3,700 மீட்டர். மூன்றாம் இரவு கிபோ குடில், சுமார் 4,700 மீட்டர். அந்த இரவும் முழு இரவு அன்று. நள்ளிரவில் எழுப்பி உச்சிக்கு அழைத்துச் செல்வார்கள். மூன்றே நாளில், நாளுக்கு ஆயிரம் மீட்டர் வீதம் ஏறுகிறார்கள். படத்தில் அது ஏணி மாதிரி நின்றது.

அதில் என்ன தவறு என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. விடுதியின் மருத்துவ அறையைக் கவனிக்கும் சகோதரி அவர்களிடம் படத்தைக் காட்டினேன். அவர்கள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இத்தனை அவசரமாக உன் மாமா எங்கே போகிறார்?" என்று கேட்டார்கள். பிறகு பொறுமையாக விளக்கினார்கள்.

உயரே செல்லச் செல்லக் காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவதில்லை. அங்கும் நூற்றுக்கு 21 பங்குதான். காற்றின் அழுத்தமே குறைகிறது. கிளிமஞ்சாரோவின் உச்சியில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி. ஆகவே ஒரு முறை மூச்சு இழுத்தால், இங்கே கிடைக்கும் பிராணவாயுவில் பாதிதான் நெஞ்சுக்குள் போகும். உடம்பு இதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். மூச்சு வேகமாகும், இரத்தத்திலும் மாறுதல்கள் நடக்கும். ஆனால் இதற்கு நாட்கள் தேவை. பலசாலி என்பதற்காக உடம்பு சீக்கிரம் பழகிவிடாது. ஓட்டப் பந்தயத்தில் முதற்பரிசு பெற்றவரும் அங்கே தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். 3,000 மீட்டருக்கு மேல், முந்திய இரவு படுத்த உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேற்படாமல் அடுத்த இரவு படுக்க வேண்டும் என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரு நாள் நின்று இளைப்பாற வேண்டும் என்பதும் மருத்துவர்கள் வகுத்த முறை. மாமாவின் ஐந்து நாள் கணக்கு அதைப் போல் இரண்டு மடங்கு வேகம். இளைப்பாறும் நாளே கிடையாது.

பழகாத உடம்புக்கு முதலில் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். இவை எச்சரிக்கை மணி. அதையும் மீறி ஏறினால் சிலருக்கு மூளையில் நீர் கோக்கும். குடித்தவர் போலக் கால்கள் தள்ளாடும், பேச்சு குழறும். சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். இரண்டும் உயிரைக் குடிப்பவை. முதல் மருந்து ஒன்றுதான்: உடனே கீழே இறங்குவது. விடியட்டும் என்று காத்திருப்பதுகூடத் தவறு. உயரம் பழக உதவும் மாத்திரை உண்டு. ஆனால் சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் கவனமாக இருக்க வேண்டும், மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று சகோதரி அவர்கள் இரண்டு முறை சொன்னார்கள். தூக்க மாத்திரை அறவே கூடாதாம்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே மாமா சொல்லும் கதை எனக்கு வேறு மாதிரியாகத் தெரியத் தொடங்கியது. நள்ளிரவில் புறப்பட்டு மூன்று மணி நேரம் ஏறியிருப்பார்கள். மாமா இரண்டு முறை வாந்தி எடுத்தார். வழிகாட்டி விளக்கை அவர் முகத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல்களோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். மாமா நான்காம் அடியில் சாய்ந்தார். "கல்லும் மணலுமாய்ச் சரிகிற இடம், இருட்டு வேறு, அங்கே யார்தான் நேராக நடப்பார்கள்?" என்பது மாமாவின் வாதம். வழிகாட்டி வாதாடவில்லை. மாமாவின் பையை வாங்கித் தம் தோளில் போட்டுக்கொண்டு, அவரைத் தோளைப் பிடித்துக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டாராம். மாமா சத்தம் போட்டிருக்கிறார், பணத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். மறுநாள் நண்பகலில் ஹொரோம்போ வந்து சேர்ந்தபோது தலைவலி போன இடம் தெரியவில்லை. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். "பார்த்தாயா, எனக்கு ஒன்றுமே இல்லை, வீணாக இறக்கிவிட்டார்" என்று முடிப்பார்.

இறங்கியதால்தான் ஒன்றும் இல்லாமல் போயிற்று என்பதை மாமாவுக்கு எப்படிச் சொல்வது? வயதில் பெரியவர். அம்மாவுக்கு ஒரே தம்பி வேறு. நான் படத்தையும் சகோதரி அவர்கள் சொன்னதையும் எழுதி அனுப்பினேன். நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் தொலைபேசியில் வந்தார். "அந்த மனிதர் பெயரைக்கூட நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை, பாப்பா" என்றார். பிறகு அம்மாவிடம் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

இனி என் திட்டத்துக்கு வருகிறேன்.

எந்த மாதம் என்பது முதல் கேள்வி. அங்கே மார்ச் நடுவிலிருந்து மே வரை பெருமழை. நவம்பரில் சிறுமழை. சனவரி, பிப்ரவரியும், சூன் முதல் அக்டோபர் வரையும் நல்ல காலம். நம் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் ஏப்ரலும் மேயும்தான் அங்கே வழுக்கும் சேறும் மூடுபனியுமாக இருக்கும் மாதங்கள்! நானும் போகலாம் என்று இரகசியமாக வைத்திருந்த ஆசை அத்தோடு போயிற்று. மாமாவுக்குச் சூன் கடைசி வாரம் என்று குறித்தேன்.

அடுத்தது வழி. மராங்குவையே ஆறு நாளாக்கி, ஹொரோம்போவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கலாம். அன்று பகலில் 4,000 மீட்டர் வரை நடந்துவிட்டு இரவு குடிலுக்குத் திரும்பிவிடலாம். அது ஐந்து நாளைவிட எவ்வளவோ மேல். என்றாலும் நான் தேர்ந்தது மேற்கிலிருந்து ஏறும் லெமோஷோ வழி, எட்டு நாள். இரவுகளின் உயரம் ஏறத்தாழ இப்படி வரும்: 2,700, 3,500, 3,850, 3,950, 4,000, 4,670. பிறகு உச்சி; அன்றே 3,100க்கு இறங்கிப் படுக்கை. எட்டாம் நாள் வாயில். இந்தப் பாதையில் எனக்கு மிகவும் பிடித்தது நான்காம் நாள். காலையில் 3,850இல் புறப்பட்டு, நண்பகலில் 'லாவா கோபுரம்' என்ற 4,600 மீட்டர் இடத்துக்கு ஏறி, மாலையில் மறுபடி 3,950க்கு இறங்குகிறார்கள். ஏறியதை எல்லாம் ஏன் இறங்க வேண்டும் என்று மாமா கேட்டார். பகலில் உயரத்தைக் காட்டி உடம்பைப் பழக்கிவிட்டு, இரவில் தாழ்ந்த இடத்தில் உறங்க விடுவதுதான் அதன் பொருள். சுவரில் சாத்திய ஏணியாக இருந்த என் படம், இப்போது அலைபோல ஏறி இறங்கியது. இதிலும் இரண்டாம் இரவிலும் ஆறாம் இரவிலும் 500 மீட்டர் விதி மீறப்படுகிறது. மறைப்பதற்கில்லை. அந்த இரண்டு நாட்களிலும் மாமா தலைவலியை மறைக்காமல் சொல்லவேண்டும் என்று சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்.

உயரத்தை நாட்களால்தான் வெல்ல முடியும் என்பதை முதலில் ஏறியவர்களும் அறிந்திருக்கிறார்கள். ஜெர்மானியரான ஹான்ஸ் மேயர் 1887இல் பனிச்சுவர் தடுக்கத் திரும்பினார். 1888இல் கடற்கரை நாட்டில் மூண்ட போரில் பிடிபட்டு, மலையேறாமலே திரும்பினார். 1889இல் புர்ட்ஷெல்லர் என்னும் ஆஸ்திரியருடன் வந்தபோது, மலையின் பல உயரங்களில் முகாம் அமைத்து உணவைச் சேர்த்து வைத்தார். ஒரு முயற்சி தவறினாலும் அடிவாரம் வரை இறங்காமல் மறுபடி முயலலாம் அல்லவா? அந்த அக்டோபர் 6 அன்று உச்சியை அடைந்தார்கள். உணவைச் சுமந்து ஏற்றியவர்கள் யார்? அந்த மண்ணின் மக்கள்தாம். மராங்குவைச் சேர்ந்த யோஹானி கின்யாலா லாவுவோ அவர்களுக்கு வழிகாட்டிச் சென்றதாக அவ்வூரார் போற்றுகிறார்கள். புத்தகங்களில் முதலில் வருவது மேயரின் பெயர்தான்.

சுமை தூக்குபவர்களைப் பற்றி நான் எழுதாமல் இருக்க முடியாது. ஏறுபவர் மூவர் என்றால் உடன் வருபவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். தலைமை வழிகாட்டி, துணை வழிகாட்டி, சமையற்காரர், மற்றவர் சுமை தூக்குவோர். கூடாரம், அரிசி, அடுப்பு, எண்ணெய், நாற்காலிகூட அவர்கள் தலையிலும் முதுகிலும்தான் போகிறது. மாமா தங்கும் 4,670 மீட்டர் முகாமில் தண்ணீரே கிடையாது. கீழே இருந்து அதையும் அவர்களே சுமந்து ஏற வேண்டும். நாம் முகம் கழுவக் குழாயைத் திறந்துவிட்டுக் கதை பேசுகிறோமே, அதை நினைத்துக்கொண்டேன். ஒருவர் தூக்கும் சுமை 20 கிலோவுக்கு மேற்படக்கூடாது என்று பூங்கா விதி சொல்கிறது. வாயிலில் நிறுத்துப் பார்ப்பார்கள்.

விதி இருந்தாலும், மிகக் குறைந்த விலை சொல்லும் நிறுவனம் எதில் மிச்சம் பிடிக்கும்? பூங்காக் கட்டணத்தில் குறைக்க முடியாது. நாட்களில் குறைக்கும், ஆட்களின் கூலியில், சாப்பாட்டில், உடையில் குறைக்கும். சென்ற முறை ஹொரோம்போவில் மழை கொட்டியபோது, மாமாவின் மூட்டையைத் தூக்கி வந்த இளைஞர் கிழிந்த துணிக் காலணியுடன் நடுங்கிக்கொண்டு நின்றாராம். இதை மாமா முன்பெல்லாம் சொன்னதே இல்லை. இப்போதுதான் சொன்னார். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

2003 முதல் 'கிளிமஞ்சாரோ சுமைதூக்குவோர் உதவித் திட்டம்' என்ற அமைப்பு அங்கே இயங்கி வருகிறது. குளிருடை இல்லாத சுமைதூக்குவோருக்கு உடைகளை இலவசமாக இரவல் கொடுக்கிறது. எந்த நிறுவனங்கள் தம் ஆட்களை முறையாக நடத்துகின்றன என்பதையும் கண்காணிக்கிறது. ஆகவே நிறுவனத்தைப் பிடிக்குமுன் மாமா கேட்கவேண்டிய கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். ஆட்களுக்கு நாளுக்கு எத்தனை வேளை உணவு? எங்கே உறங்குவார்கள்? என்ன கூலி, எப்போது கிடைக்கும்? வழிகாட்டிகள் எத்தனை பேர்? ஒருவருக்கு உடல்நலம் கெட்டு ஒரு வழிகாட்டி அவரோடு இறங்கினால், மற்றவர்களுடன் யார் இருப்பார்? பிராணவாயு உருளையும், விரலில் மாட்டி இரத்தத்தின் பிராணவாயுவை அளக்கும் கருவியும் உண்டா? இனாம் கொடுப்பது அங்கே வழக்கம். அதையும் செலவுக் கணக்கிலேயே முதலில் சேர்த்துவிட்டேன். கடைசி நாளில் பை காலியாக இருக்கிறது என்று சொல்லக்கூடாது பாருங்கள்.

மூட்டை முடிச்சு விஷயத்தில் அம்மாவும் உதவினார்கள். கம்பளிக் குல்லாய், இரண்டு சோடிக் கையுறை, மழைக்கோட்டு, நெற்றியில் கட்டும் விளக்கு, வீட்டிலேயே போட்டுப் பழகிய காலணி. புதுக் காலணி கூடவே கூடாது. உச்சிக்குப் போகும் இரவில் குளிர் சுழிக்குக் கீழே பத்துப் பதினைந்து பாகைவரை போகும். புட்டியைக் கவிழ்த்து வைத்தால், மேற்புறம் முதலில் உறைந்தாலும் வாய்ப்பக்கம் திறந்திருக்குமாம். பிளாஸ்டிக் பைகளுக்குத் தான்சானியாவில் 2019 முதல் தடை. ஆகையால் எல்லாவற்றையும் துணிப்பையில் கட்டவேண்டும். பருப்பும் அரிசியும் கொடுத்தனுப்பலாம் என்று அம்மா நினைத்தார்கள். நம் இயற்பியல் பாடம் குறுக்கே வந்தது! 4,670 மீட்டரில் தண்ணீர் சுமார் 85 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு எத்தனை மணி நேரமானாலும் கல்லுக் கல்லாகவே இருக்கும். எலுமிச்சை ஊறுகாயோடு அம்மா நிறுத்திக்கொண்டார்கள். உயரத்தில் பசி எடுக்காதாம். ஊறுகாய் இருந்தால் இரண்டு கவளமாவது இறங்கும்.

நடைக்கு ஒரே விதிதான். அங்கே வழிகாட்டிகள் நாள் முழுவதும் சொல்லும் சொல் 'போலே போலே'. மெதுவாக, மெதுவாக என்று பொருள். பேசிக்கொண்டே நடக்க முடியாத வேகம் கூடாது. மாமா வாய் மூடாமல் பேசுபவர். ஆகவே இந்த விதி அவருக்குப் பொருந்தும் என்று நம்புகிறேன்.

எட்டு நாள் என்றதும் செலவு ஏறிவிட்டது. உடன் வருவதாக இருந்த நண்பர்கள் மூவரில் ஒருவர் விலகிவிட்டார். மாமாவும் ஓராண்டு தள்ளிப்போடலாமா என்று தயங்கினார். பணம் குறைவு என்றால் ஓராண்டு காத்திருங்கள், நாளைக் குறைக்காதீர்கள் என்று நான் எழுதினேன். இப்போது சேமித்துக்கொண்டிருக்கிறார். அனேகமாக இந்தச் சூன் மாதமே போய்விடுவார்.

திட்டத்தின் கடைசிப் பக்கத்தை எழுதச் சொன்னது அம்மா. "வழிகாட்டி திரும்பு என்றால், உச்சி பத்தடி தூரத்தில் இருந்தாலும், வாதாடாமல் திரும்புவேன்" என்று ஒரே ஒரு வரி. அதைப் புறப்படுமுன்பே, மூச்சு சீராகவும் புத்தி தெளிவாகவும் இருக்கும்போதே, கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்றார்கள் அம்மா. மாமா கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். அதன் கீழே தம் கையாலேயே இன்னொரு வரியும் சேர்த்திருந்தார்: "முதல் நாள் காலையில் எல்லாருடைய பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வேன், எல்லாருடைய காலணியையும் பார்ப்பேன்."

அந்தத் தாளை அம்மா பீரோவின் உட்கதவில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.